வள்ளிக்கிழங்கும் உழாத உழைப்பும்

புறநானூற்றின் 109ஆம் பாடலை நாம் ஏதேனும் ஒரு வகுப்பறையில் கடந்து வந்திருப்போம். பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரிடம், உழவரின்றியே இம்மலை நான்கு உணவு தரும் என்கிறார் கபிலர்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இதற்கு நாம் சொல்லிப் பழகிய உரை, இயற்கை வாரி வழங்கிற்று, மனிதர் எடுத்துண்டனர் என்பதே. மற்றவை குறித்து இங்கே வாதிடவில்லை (தேனெடுப்பவர்கள் சிரிக்கக்கூடும்). வள்ளிக்கு மட்டும் இவ்வுரை பொருந்தாது என்றே கருதுகிறோம்.

வள்ளி ஒற்றைக் கொடியன்று. டயோஸ்கோரியா என்னும் அதன் பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நல்ல கிழங்குகள் பல, பாறை இடுக்குகளில் ஆழ இறங்குபவை. குழி தோண்டியே எடுக்கவேண்டும். முள்தண்டும் மூவிலையும் கொண்ட டயோஸ்கோரியா ஹிஸ்பிடாவோ மேல்மண்ணிலேயே பெருத்துக் கிடக்கும். எளிதாய்க் கைக்கெட்டும் அதுதான் நஞ்சு. அதிலுள்ள டயோஸ்கோரின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வலிப்பு வரும், உயிரும் போகும். ஆனால் அந்நஞ்சு நீரில் கரையக்கூடியது. எனவே தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்போ சாம்பலோ பிசறி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, அதன்பின்னரே அவிக்கிறார்கள். ஒரு நாள் குறைந்தாலும் ஆபத்து. இதைக் கண்டறிவதற்குள் எத்தனை பேர் மடிந்தனரோ!

கிழங்கை எடுத்தபின் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண் மூடும் வழக்கமும் மலைக்குடிகளிடம் உண்டு. ஏர் இல்லை என்பதற்காக இதை உழைப்பில்லை என்பதா? கந்தபுராணத்து வள்ளி கிடைத்ததும் கிழங்கு அகழ்ந்த குழியில்தான். அக்குழியைத் தோண்டிய கைகளை நாம் நினைத்ததில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களில் கிழங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நல்லது. எனினும் தோண்டும் உரிமை தாளில் இருக்க, எந்தக் கொடி, எத்தனை நாள் நீர் என்னும் அறிவு முதியோரோடு போய்விட்டால் அவ்வுரிமையை வைத்து என்ன செய்வது? ரேஷன் அரிசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; வயிறு நிறைந்தவர்கள் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் காட்டுக்குள் போகவே தடையென்றால் பிள்ளைகள் இதை எங்கே கற்பார்கள்?

109ஆம் பாடலுக்கு இனி உரை எழுதுவோர் 'ஒருவகைக் கிழங்கு' என்று கடந்துவிடாமல், பளியர் ஒருவரைக் கேட்டு எழுதலாம். பறம்பு என்று நாம் கொண்டாடும் பிரான்மலையிலிருந்து, பளியர் வாழும் சிறுமலை அதிகத் தொலைவில்லை.