தண்டவாளம் போன வழி

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால், பட்டாசு லாரிகளும் கம்பெனி வேன்களும் விரையும் சாத்தூர் சாலையில் அவர்களை நாங்கள் ஓட்ட விடுவதில்லை. குடும்பமாக அச்சமின்றி மிதிக்க ஒரு வழி தேடியே கடந்த கோடை விடுமுறையில் போடிமெட்டு ஏறி மூணாறு சென்றோம்.

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908 முதல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின். ‘டாப் ஸ்டேஷன்’ என்பது அந்த ரயில் விட்டுச்சென்ற பெயரே. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924 வெள்ளம் பாதையை அடித்துச் சென்றது. மீண்டும் யாரும் தண்டவாளம் போடவில்லை.

இன்றைய சாலை பல இடங்களில் அந்தத் தடத்தை ஒட்டியே செல்கிறது. ரயிலுக்கென வெட்டிய பாதையில் ஏற்றம் மெதுவாகவே இருக்கும். சிறுவர்களும் மூச்சிரைக்காமல் மிதிக்கலாம். ஆனால், ஜீப்புகளின் ஒலிப்பான்கள் எங்களை ஓரத்துக்குத் தள்ளியபடியே இருந்தன. “ரயில் எந்த வழியாப் போச்சு?” என்று இளையவள் கேட்டாள். காட்டுவதற்கு ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1977-இல் நின்றுபோன ஒரு மலை ரயில்தடம், 34 மைல் நீளச் சைக்கிள் பாதையாயிற்று. 2024-இல் ஹெலீன் புயல் அதன் மேற்பாதியைச் சிதைத்தபோது, சீரமைக்க அரசு நிதி ஒதுக்கியது. மூணாற்றிலோ, ரயிலை மீண்டும் விடும் பேச்சு மட்டும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

ரயில் வரட்டும், மகிழ்ச்சியே. அதற்கு முன், எஞ்சிய தடத்தில் சில கிலோமீட்டரையேனும் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கலாம். நிலம் வனத்துறையுடையது, தோட்டக் கம்பெனியுடையது என்னும் தடை உண்மைதான். சாலையில் ஞாயிறு காலை மட்டும் வண்டிகளை நிறுத்துவதற்கு அந்தத் தடையும் இல்லை.

இதை வெறும் உல்லாசம் என்று கருத எங்களால் இயலவில்லை. அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்கள் கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் தென்சீமைத் தமிழர்கள். 2020-இல் பெட்டிமுடி மண்சரிவில் மாண்ட எழுபது பேரில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. எங்களூருக்கு அது தொலைவன்று. தேயிலை போன வழியில் அதைப் பறித்தவர்களின் கதையையும் எழுதி வைத்தால், பிள்ளைகள் மெதுவாக மிதித்தபடியே படித்துக்கொள்வார்கள்.