நெல் நமது, உல்கு எவரது?

காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்றுறையில் வந்திறங்கும் பண்டங்களையும் ஏறிச் செல்லும் பண்டங்களையும் அளந்து, புலிப்பொறி இட்டு, உல்கு தண்டிய சோழ அலுவலரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகின்றது. இன்று சுங்கம் என்று வழங்குவதற்கு அன்றைய பெயர் உல்கு. பன்னூறாண்டுகள் கழித்து வந்த முதற் குலோத்துங்கன் அதனை நீக்கிச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். இட்டதும் இம்மண்ணின் ஆட்சி; எடுத்ததும் இம்மண்ணின் ஆட்சி. பழம்பெருமை பேசுதற்காக இதனை எழுதவில்லை. பழம்பெருமை பேசிப் பேசியே நாம் இழந்தவை மிகுதி. 2023-ஆம் ஆண்டு நம் கண்முன்னே நடந்து, நாம் காணாது விட்ட ஒன்றைச் சொல்லவே எழுதுகின்றோம்.

அவ்வாண்டு சூலை 20-ஆம் நாள், பாசுமதியல்லாத பச்சரிசியை வெளிநாட்டுக்கு ஏற்றக் கூடாதெனத் தில்லி தடை விதித்தது. ஆகசுட்டு 25-ஆம் நாள் புழுங்கலரிசிக்கு நூற்றுக்கு இருபது என உல்கு விதித்தது. அந்நாளில் காவிரிப் படுகையின் நிலை என்ன? சூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தும், கருநாடகம் தரவேண்டிய நீரைத் தராமையால் குறுவை கருகிக்கொண்டிருந்தது. அக்தோபர் 10-இல் அணையை மூடினர். மறுநாள் படுகை மாவட்டங்களில் கடையடைப்பு நடந்தது. நீருக்காக எழுந்தோம், எழ வேண்டியதே. ஆயின், விளைந்த நெல்லின்மேல் விழுந்த உல்கைக் குறித்து அவ்வாறு ஒருநாளேனும் படுகை முழுதும் எழுந்ததுண்டா?

ஏற்றுமதி உல்கை வெளிநாட்டான்தானே கட்டுகின்றான், நமக்கென்ன என்பார் உளர். அரிசிமண்டியில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் இம்மயக்கம் தெளியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொன்னிப் புழுங்கலை வாங்குவோன் முன்னே வேறு நாட்டு அரிசியும் இருக்கின்றது. நூறு உருபா அரிசி நூற்றிருபது ஆனால் அவன் அப்பக்கம் திரும்புவான். அவனைத் திரும்பவொட்டாமல் காக்க, ஏற்றுமதி வணிகன் தன் விலையைக் குறைப்பான். அவன் ஆலைக்காரனை நெருக்குவான். ஆலைக்காரன் களத்துமேட்டில் நிற்கும் உழவனை நெருக்குவான். உழவனுக்கு நெருக்குதற்கு ஆளில்லை. 2023 ஆகசுட்டில் உலக அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்கு ஏறியது. அவ்வேற்றத்தின் பயனைத் தாய்லாந்தும் வியட்நாமும் துய்த்தன. நம் உழவன் கண்டது கொள்முதல் நிலைய விலை மட்டுமே: பொதுவகை நெல்லுக்குக் குவிண்டாலுக்குத் தில்லி அறிவித்தது 2,183 உருபா; தமிழ்நாட்டரசு தன் கருவூலத்திலிருந்து 82 சேர்த்து 2,265 ஆக்கிற்று. ஒரு கை 82 உருபா சேர்க்கின்றது. மற்றொரு கை துறைமுக வாயிலில் ஐந்திலொரு பங்கைச் சுவராக எழுப்புகின்றது.

ஏழைக்கு அரிசி விலை ஏறாதிருக்கவே இவ்வுல்கு என்றனர். ஏழைக்குச் சோறு வேண்டாம் என்று எவன் சொன்னான்? அச்செலவைத் துணி விற்பவனும் இரும்பு விற்பவனும் சேர்ந்து சுமக்கட்டும். உழவன் முதுகின்மேல் மட்டும் ஏன் ஏற்றுகின்றீர்கள் என்பதே எம் கேள்வி.

ஏற்றுமதிப் புழுங்கலில் பெரும்பங்கு ஆந்திரத்துக் காக்கிநாடா வழியே செல்கின்றது. தஞ்சையின் பங்கு சிறிதே. இதனை மறைக்க வேண்டுவதில்லை. தெலுங்கு உழவனும் நம்மைப்போலவே அடிபட்டான். ஆனால் வடக்கே என்ன நடந்தது? அதே ஆகசுட்டில் பாசுமதிக்குத் தொன்னுக்கு 1,200 அமெரிக்கத் தாலர் என அடிமட்ட ஏற்றுமதி விலை வைத்தனர். பஞ்சாபும் அரியானாவும் கொதித்தன. ஆலையினர் நெல் வாங்குவதை நிறுத்தினர். இரண்டே திங்களில், அக்தோபர் இறுதியில், 1,200 என்பது 950 ஆயிற்று. புழுங்கலரிசி உல்கோ 2024 செப்தம்பர் 27 வரை அசையாது நின்று, அன்று பாதியாகி, அக்தோபர் 22-இல்தான் நீங்கியது. கத்தியவனுக்கு இரண்டு திங்கள். வாய் பொத்தியிருந்தவனுக்குப் பதினான்கு திங்கள்.

2025-இல் அமெரிக்கா தன் நெருங்கிய நட்பு நாடான கனடாவின் பண்டங்கள்மேல் நூற்றுக்கு இருபத்தைந்து தீர்வை இட்டபோது, அந்நாட்டு மக்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். விளையாட்டரங்குகளில் அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது கூச்சலிட்டனர். கடையில் ஒவ்வொரு பொருளையும் புரட்டி, எந்நாட்டில் செய்தது என்று பார்த்து வாங்கினர். ஒண்டாரியோ மாநில அரசு தன் கடைகளிலிருந்து அமெரிக்கச் சாராய வகைகளை அகற்றியது. மார்ச்சு 10-இல் நியூயார்க்கு, மிச்சிகன், மின்னசோட்டா மாநிலங்களுக்குத் தான் விற்கும் மின்சாரத்தின்மேல் இருபத்தைந்து விழுக்காடு கூடுதல் கட்டணமும் விதித்தது. மறுநாளே அமெரிக்க அமைச்சர் பேச்சுக்கு இசைந்தார், கட்டணமும் நின்றது. அங்கும் எல்லைத் தீர்வை நடுவணரசின் கையில்தான். ஆயினும், அடிக்குத் திருப்பியடிக்க மாநிலத்தின் கையில் ஒரு கோலாவது இருந்தது. நம் முதலமைச்சர்களின் கையில், எக்கட்சியினர் ஆயினும், இருப்பது தில்லிக்கு மடல் எழுதும் எழுதுகோல் ஒன்றே.

கரணியம் வெளிப்படை. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 41-ஆம் வரிசை வெளிநாட்டு வணிகத்தையும், 83-ஆம் வரிசை ஏற்றுமதித் தீர்வை உள்ளிட்ட சுங்கத்தையும் தில்லிக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. உழவு மாநிலப் பட்டியலில் இருக்கின்றது. விதைப்பது நம் உரிமையாம். விளைந்தது கடல் கடக்கலாமா என்பது அவர்கள் உரிமையாம்!

விற்பதற்கு மட்டுமன்று, கொடுப்பதற்கும் இதே நிலை. 2022-இல் இலங்கை மக்கள் பட்டினியால் வாடியபோது, 40,000 தொன் அரிசி அனுப்பத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்பிரல் 29-ஆம் நாள் தீர்மானம் இயற்றித் தில்லியின் இசைவுக்குக் காத்திருந்தது. 2023 அக்தோபர் 14-இல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விட்டு, இரு நாட்டு நட்பென முழங்கினர். ஆள் ஏறலாம், அவன் ஊர்ப் புழுங்கலரிசி ஏறுவதாயின் ஐந்திலொரு பங்கு உல்கு! இக்கரையில் அவ்வுல்கு நீங்கிய இரண்டாம் திங்களில், கொழும்பு தன் பங்குக்கு இறக்குமதி அரிசிக்குக் கிலோவுக்கு 65 உருபா தீர்வை வைத்தது. அது கிளிநொச்சி உழவனுக்கு நன்மையாகவும் இருக்கலாம். வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமைதான் அவனுக்கும் இல்லை. கடலின் இருகரையிலும் நெல் விளைவிப்போன் தமிழன். இருகரையிலும் உல்கு இடுவோன் வேறொருவன்.

உழவர் பெருமக்களே, ஆகசுட்டு 15-ஆம் நாள் உங்கள் ஊரவைக் கூட்டம் கூடும். நெல்லின்மேலும் அரிசியின்மேலும் ஏற்றுமதித் தடையோ உல்கோ விதிக்குமுன் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவைப் பெற வேண்டுமென ஒரு தீர்மானம் எழுதுங்கள். இரண்டு வரி போதும். ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு படியை எமக்கும் விடுங்கள். தீர்மானம் இயற்றிய ஊர்களின் பெயர்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.