பைக் ஓட்டத் தெரிந்தால் போதுமா?

"பைக் ஓட்டத் தெரியுமில்ல தம்பி? அதே மாதிரிதான்."

போன கோடை விடுமுறையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு படகு வாடகை இடத்தில் என் பேரனுக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும் இந்த ஒரு வரிதான். பணம் வாங்கினார்கள், லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள், ஜெட் ஸ்கியில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது படகுத்துறை கிட்டே வந்துவிட்டது. பையன் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை முழுக்க ஒடித்தான். வண்டி திரும்பவில்லை. நேராக வந்து துறையில் கட்டியிருந்த டயரில் மோதியது. முழங்கால் வீக்கத்தோடு போயிற்று. இரண்டடி தள்ளி ஒரு குழந்தை தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"பையன் பதறிட்டான் சார்" என்றார் கடைக்காரர். இல்லை ஐயா. பையன் நீங்கள் சொன்னபடியே, பைக் மாதிரியே ஓட்டினான். அதுதான் தப்பு.

இரு சக்கர வண்டி செய்து பிழைக்கிற ஓசூரில் முப்பது வருஷம் மெஷின் ஷாப்பில் நின்றவன் நான். ஆபத்து என்றால் ஆக்சிலரேட்டரை விடு, ஹேண்டிலைத் திருப்பு என்பது எங்கள் கையில் ஊறிய பழக்கம். ஜெட் வண்டியில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். அதற்குச் சுக்கான் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. ஹேண்டில் திருப்புவது அந்தக் குழாயின் வாயை மட்டும். பீய்ச்சல் நின்றால் ஹேண்டில் வெறும் கம்பி. படகு மட்டும் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். துறையை நெருங்கும்போது தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, திருப்ப வேண்டிய பக்கம் ஹேண்டிலை வைத்து, கொஞ்சமாக முடுக்கிவிட வேண்டும். பயந்த நேரத்தில் முடுக்கு என்றால் மனசு கேட்குமா? அதனால்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும் என்கிறேன்.

கையில் மாட்டும் சுருள் கயிறையும் பெரிய பாதுகாப்பு என்கிறார்கள். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும், அதற்கு அவசியம் வேண்டும். ஆனால் எங்கள் ஷாப்பின் சிவப்புப் பொத்தான் மெஷினையே நிறுத்தும். இந்தக் கயிறு எஞ்சினை நிறுத்துமே தவிரப் படகை நிறுத்தாது. ஆகாயத்தாமரையோ பிளாஸ்டிக் பையோ உறிஞ்சும் வாயை அடைத்தாலும் இதே கதிதான். எஞ்சின் உறுமும், பீய்ச்சல் இருக்காது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998-லேயே இந்த வண்டிகளை ஆராய்ந்து, ஆக்சிலரேட்டரை விட்டால் திருப்பும் சக்தி போய்விடுகிறது என்று எழுதியது. 2009-ல் சீ-டூ கம்பெனி பிரேக் வைத்த வண்டியையே கொண்டுவந்தது. நம் வாடகைக் கடைகளுக்கு மட்டும் இன்னும் "பைக் மாதிரிதான்".

"பின்னால் எங்கள் ஆள் உட்காருவார்" என்பார்கள். அன்றைக்கு அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பழகியவர் கையில் இருந்தாலும் கட்டுப்பாடு போனால் என்ன ஆகும் என்பதை மும்பையில் பார்த்தோம். 2024 டிசம்பர் 18-ல் எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப்படகு கட்டுப்பாடு இழந்து, எலிஃபண்டா தீவுக்குப் போன நீல்கமல் பயணிப் படகில் மோதியது. அன்றே 13 பேர் இறந்ததாக அறிவித்தார்கள். அங்கே ஓட்டியவர்கள் கடற்படையினர். இங்கே நாம் கொடுப்பது கல்லூரிப் பையன் கையில்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஏற்றுவதற்கு முன் ஆளில்லாத தண்ணீரில் பத்து நிமிஷம், ஆக்சிலரேட்டரை விட்டால் திரும்பாது என்பதை அவர்களே செய்து பார்க்க வையுங்கள். துறையைச் சுற்றி மிதவை கட்டி, அதற்குள் மெதுவாக மட்டும் வரவிடுங்கள். குளிப்பவர்களும் குழந்தைகளும் இருக்கும் பக்கம் துறையே வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகள் இந்த மூன்றையும் நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

நாளைக்கே கிருஷ்ணகிரி அணைக்கோ கெலவரப்பள்ளிக்கோ இந்த வண்டி வரலாம். வந்தால், "பைக் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்கிறவரிடம் "தெரியும், அதனால்தான் பயம்" என்று சொல்லுங்கள்.