ஊர்ச் சங்கத்துச் செயலாளர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்த அன்றோடு வீட்டின் கவலை தீர்ந்துவிடும். கோயிலில் ஓர் அர்ச்சனை, லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு தகவல். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஊர் கேட்கிற கேள்விகள் அதிகமில்லை. "நிரந்தரமாக்கிப் போட்டினமோ?" என்பது முதலாவது. சில வருடம் போனதும், உத்தியோகத்தில் மேலே போக எழுத வேண்டிய சோதனையைப் பற்றி, "தடைதாண்டல் சோதனை பாஸ் பண்ணியாச்சோ?" வங்கியிலோ காப்புறுதிக் கம்பனியிலோ வேலை என்றால், "எப்ப மனேஜர் ஆவாய்?" என்று அது கொஞ்சம் மாறும். புதிதாக என்ன பழகினாய், எந்தப் பொறுப்பை நீயாகக் கேட்டு வாங்கினாய் என்று ஒருவரும் கேட்டு நான் அறியேன். வளர்ச்சி என்பது மேலிடத்திலிருந்து கடிதமாக வருவது, அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டியது. இதுதான் எங்கள் நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினறி தொடங்கிய நாளிலிருந்து ஆங்கிலப் படிப்பு குடாநாட்டுக்கு ஒரு பிழைப்பு வழியாயிற்று. கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாப் புகையிரத சேவையிலும் எங்கள் பாட்டன்மார் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் இருந்து காசு அனுப்பினார்கள். எத்தனையாம் வருடம் எவ்வளவு சம்பளம், எப்போது பென்ஷன் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வாழ்க்கை அது. அந்தக் கணக்கை 1956இன் தனிச் சிங்களச் சட்டம் குழப்பியது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. மிச்சத்தை யுத்தம் பார்த்துக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டு இருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். படிக்கச் சொன்ன அரசிடம் வேலை கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகும் அதே காத்திருப்பைத் தொடர்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன்.

இதே யாழ்ப்பாணத்தில் கந்தோருக்கு வெளியே இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் பெயர் சங்கம்.

க.மு. செல்லப்பா ஒரு நீதிமன்ற உத்தியோகத்தர். தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1933இல் யாழ்ப்பாணத்துக்குப் பொதுவான ஒரு நூலகம் வேண்டும் என்று அவர் வேண்டுகோள் விடுத்தார். மறு வருடம் பிரமுகர்கள் சேர்ந்து குழு அமைத்தார்கள். 1934 ஓகஸ்ட்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. 1935இல் பட்டின சபை அதைப் பொறுப்பேற்றது. 1959இல் திறந்து, 1981இல் எரியுண்டு, மறுபடி எழுந்து நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தின் தொடக்கம் இதுதான்.

நூலகம் எரிந்த கதையை நாங்கள் எல்லோரும் சொல்வோம். அது உருவான கதையில் ஓர் உத்தியோகத்தருக்கான பாடம் இருக்கிறது. செல்லப்பாவிடம் அதிகாரம் இல்லை, பணமும் இல்லை. அவர் செய்தவை மூன்று காரியங்கள். முதலில் சின்ன அளவில் தானே செய்து காட்டினார். பிறகு தேவையை எழுத்தில் வைத்து, தன்னிலும் செல்வாக்குள்ளவர்களை ஒரே மேசைக்கு வரவழைத்தார். கடைசியாக, தன் கைக்குள் அடங்காத அளவுக்கு அது வளர்வதற்கு இடம் கொடுத்தார். நீதிமன்ற உத்தியோகம் அவருக்குச் சம்பளம் தந்தது. அவரை வளர்த்தது அதற்கு வெளியே அவர் தேடி எடுத்த பொறுப்பு.

அவர் தனி ஆளும் அல்லர். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி, பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அந்த இளைஞர்கள் 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலுக்குக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனு கொடுக்காமல் செய்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் அழைப்பிதழ், நிதி, மேடை, எதிராளியோடு பேச்சு என்று எல்லாவற்றையும் அவர்கள் அங்கேதான் பழகினார்கள். பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தைத் தோளில் சுமந்தார். கல்யாண வீட்டுக்கும் புத்தக வெளியீட்டுக்கும் நாங்கள் போய் வருகிற மண்டபத்துக்கு அவர் பெயர் இருப்பது அதனால்தான்.

சங்கத்தில் அப்படி என்ன பழகலாம்? ஊர்ச் சனசமூக நிலையத்துச் செயலாளரைப் பாருங்கள். கூட்டம் ஆறு மணிக்கு என்று அறிவித்திருப்பார், ஆறரைக்கு மூன்று பேர் வந்திருப்பார்கள். அவர் ஒருவரையும் அதட்ட முடியாது, ஏனென்றால் அங்கே யாரும் சம்பளத்துக்கு இருக்கவில்லை. கந்தோரில் கையெழுத்துக்குப் பயந்து நடக்கிற வேலை இங்கே மரியாதையாலும் விளக்கத்தாலும் மட்டும்தான் நடக்கும். அப்படி வேலை வாங்கத் தெரிந்தவருக்கு அதிகாரத்தோடு வேலை வாங்குவது கஷ்டமே இல்லை. மறுபக்கமாகப் பழகியவர்கள், அதிகாரம் போன அன்றே தனித்துப்போகிறார்கள். ஓய்வுபெற்ற எத்தனையோ அதிகாரிகள் இதற்குச் சாட்சி.

கூட்ட அறிக்கை எழுதுவதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. இரண்டு மணிநேரச் சண்டையை அரைப்பக்கத்தில் அடக்க வேண்டும்: என்ன தீர்மானம், யார் செய்வது, எந்தத் திகதிக்குள். யார் யாரை என்ன சொல்லி ஏசினார் என்பது ஏட்டில் வரக்கூடாது. ஆனால் செயலாளர் அதை மனதில் வைத்து, அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த இரண்டு பேரையும் தனித்தனியே கண்டு கதைத்திருக்க வேண்டும். காசு விஷயம் இன்னும் கண்டிப்பானது. டொரண்டோவிலிருந்து பழைய மாணவர் அனுப்பிய நிதிக்குப் பற்றுச்சீட்டு, கணக்கறிக்கை, படம் எல்லாம் போக வேண்டும். பொதுக்கூட்டத்தில் பின்வாங்கில் இருந்து ஓர் ஐயா எழும்பி, "தம்பி, ஒலிபெருக்கிக்காரருக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று கேட்பார். முகம் சிவக்காமல், பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டிப் பதில் சொல்லப் பழகியவர் எந்தக் கணக்காய்வாளருக்கும் முன்னால் தடுமாற மாட்டார்.

நேர்முகத் தேர்வுகளில் "நீங்கள் குழுவொன்றை வழிநடத்திய அனுபவம் உண்டா?" என்று கேட்டால், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவராக இருந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே பிள்ளை விளையாட்டுக் கழகத்துக்கு மைதானம் திருத்தியிருக்கும், வெள்ளத்துக்குள் சமைத்த சாப்பாடு பங்கிட்டிருக்கும். அதையெல்லாம் வேலை என்று எண்ணாததால் சொல்வதில்லை. சொல்லுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எவ்வளவு காசுக்குள் முடித்தீர்கள், எங்கே இடறியது என்று விவரமாகச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாளை எடுத்து, இந்த வருடம் யாருடைய வேலையை இலகுவாக்கினேன், எதை முதன்முதலாகச் செய்தேன், எனக்குப் பதிலாக இருக்க யாரைப் பழக்கினேன் என்று எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால், பதவி உயர்வு வந்தாலும் நீங்கள் வளரவில்லை. மேலதிகாரியிடம் போய், "சேர், அந்தப் பயிற்சி வகுப்பு ஒழுங்கை நான் பார்க்கட்டோ?" என்று கேட்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தடை போடவில்லை. கணினித்துறை இளைஞர்கள் யாழ் ஐ.டி. ஹப் என்ற தன்னார்வ அமைப்பைத் தாங்களாகவே கட்டி, வருடாவருடம் போட்டி நடத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை இழுத்து வந்ததற்கும் யாரும் அவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்கவில்லை.

சங்கங்களை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. அந்த நாற்காலிகள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் மற்றவர்களோடு சமமாக வாங்கில் இருக்கலாம் என்ற உத்தரவுக்கே 1920களின் இறுதியில் இங்கே எதிர்ப்பு எழுந்தது. வாலிபர் காங்கிரஸ் அந்தச் சம உரிமையின் பக்கம் நின்றது, ஊர்ப் பரிபாலன சபைகள் பல நிற்கவில்லை. பெண்களுக்குக் கோலமும் தேநீரும் ஒதுக்கப்பட்டன. இன்றைக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் கணக்கையும் கடனையும் கொண்டு நடத்துகிற பெண்களில் பலர் யுத்தத்தில் குடும்பப் பாரம் தலையில் விழுந்தவர்கள். அவர்களின் நிர்வாகத் திறமையை எந்தக் கம்பனியாவது எடைபோட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு வெள்ளை வேட்டியையே தகுதியாகக் கொள்கிற ஊர் நாங்கள்.

இன்னொரு நோய், நாற்காலியை விடாமை. "அண்ணைதான் இருபது வருசமாத் தலைவர், அவர் இல்லாட்டி ஒண்டும் நடக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது அண்ணையின் திறமைக்கான சான்று அல்ல, அவர் ஒருவரையும் வளர்க்கவில்லை என்பதற்கான சான்று. கந்தோரிலும் அப்படித்தான். கோப்பு எந்த அலுமாரியில் என்று தனக்கு மட்டும் தெரிந்திருப்பதைப் பலம் என்று நினைக்கிறவர், அந்தக் கதிரையிலேயே வயதுபோகிறார். அவரை மேலே எடுத்தால் கீழே வேலை நின்றுவிடும் என்று மேலிடத்துக்கும் தெரியும்.

ஆகவே, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் "செயலாளருக்கு ஆர்?" என்று கேட்டுச் சபை மௌனமாகும்போது, பக்கத்தில் இருப்பவரை முன்மொழியாமல் உங்கள் கையை உயர்த்துங்கள். தெரிவாகிய கையோடு யாப்பில் ஒரு திருத்தத்தையும் கொண்டு வாருங்கள்: ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு பதவியில் இருக்கக்கூடாது. அந்தத் திருத்தத்துக்கு வாக்குச் சேர்ப்பதுதான் உங்கள் முதல் பரீட்சை. கந்தோரின் தடைதாண்டல் சோதனையைவிட அது கடினமாக இருக்கும்.