கூட்டைக் காண்பதும் கழுகைக் காப்பதும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க், எஃகு உருக்கி வளர்ந்த ஊர். ஆலைப்புகை மண்டிப் பட்டப்பகலில் தெருவிளக்கு ஏற்றிய காலம் அதற்கு உண்டு. ஆலைக்கழிவைச் சுமந்த மொனங்கஹேலா ஆற்றில் மீனினமே அருகிப் போயிருந்தது. அந்த ஆற்றை நோக்கிய ஹேய்ஸ் பகுதியின் மரமடர்ந்த சரிவில், 2013-ஆம் ஆண்டு வெண்தலைக் கழுகுகள் இரண்டு இணைசேர்ந்து கூடு கட்டின. நகர எல்லைக்குள் இப்பறவை கூடமைத்தது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதுவே முதன்முறை என்பர். அடுத்த பருவத்திலேயே கூட்டுக்கருகில் படக்கருவி பொருத்தப்பட்டு, இணையவழி நேரலை தொடங்கியது.

பிப்ரவரிப் பனியில் முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறைமாற்றி ஏறத்தாழ 35 நாள் அடைகாப்பதை, அலுவலக மேசையில் இருப்பவரும் நோய்ப்படுக்கையில் கிடப்பவரும் ஒருங்கே கண்டனர். முட்டையருகே நடக்கையில் கழுகு தன் உகிர்களை உள்மடக்கிக்கொள்கிறது. மீனின் முதுகைத் துளைக்கும் கூர்நகம் ஓட்டில் பட்டுவிடலாகாதே! பின்பு அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு, உடலை இருபுறமும் அசைத்து, அடிவயிற்றின் வெறுந்தோல் முட்டைமீது படியுமாறு அமர்கிறது. தொலைநோக்கியோடு நாளெல்லாம் காத்துநின்ற பறவையறிஞருக்கும் முற்காலத்தில் எளிதில் வாய்க்காத அண்மை இது. 2014 பிப்ரவரியில் ஓரிரவு கூட்டுக்கு ஏறிவந்த ரக்கூனைக் கழுகு சிறகு விரித்து விரட்டியதும், 2017-இல் பெருங்காற்றில் அந்த மரமே சாய்ந்ததும், வேறு மரத்தில் அவை மீண்டும் கட்டத் தொடங்கியதும் மக்கள் அறிந்த செய்திகள். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவோரோடு நாம் உடன்படவில்லை.

ஆயினும், பார்ப்பவரின் அன்பு எத்தகையது என்பதும் அதே கூட்டில்தான் வெளிப்பட்டது. 2016 ஏப்ரலில் கழுகு ஒரு பூனையைக் கொணர்ந்து குஞ்சுகளுக்கு ஊட்டியது. நாள்தோறும் மீன் கிழிபடுவதைக் கண்டு முகம் சுளிக்காதவர்கள் அன்று பதறிப்போயினர். வீட்டில் மடியேறி வளரும் உயிர் என்பதால் எழுந்த பதற்றம் அது. மனித இயல்புதான், குற்றமன்று. கழுகு இன்னதை உண்ணலாம், இன்னதை உண்ணலாகாது என்று விதி வகுக்கப் புகுந்தால்தான் அது பேதைமையாகிறது.

இதனினும் கடினமானதொரு நிகழ்ச்சி 2014-இல் நேர்ந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் இயற்கைவளத் துறை நடத்திய நேரலையில், குஞ்சு ஒன்று அடிபட்டு நகரமாட்டாமல் கிடந்தது. இயற்கையின் போக்கில் தலையிடுவதில்லை என்றது துறை. மக்களின் வற்புறுத்தல் பெருகவே முடிவை மாற்றி, ஆளனுப்பிக் குஞ்சைக் கீழே இறக்கினர். சிறகு முறிந்து, உடலெங்கும் நோய்த்தொற்று பரவியிருந்தது. பிழைக்க வழியில்லை என்று கண்டு அதன் உயிரை வலியின்றிப் போக்க நேர்ந்தது. துறையின் முதல் முடிவே சரியானது என்பது நம் கருத்து. கூட்டுக்கு மனிதன் ஏறினால், உடன்பிறந்த குஞ்சுகள் மிரண்டு, பறக்கும் ஆற்றல் பெறுமுன்பே வெளியே பாய்ந்து மடியக்கூடும். யாரோ வீசியெறிந்த தூண்டில் நரம்பு காலில் சுற்றிக்கொண்டு ஒரு குஞ்சு தவித்தால் அது வேறு வழக்கு. மனிதன் செய்த தீங்கை மனிதன் நீக்குவது தலையீடு ஆகாது, கடன்.

இப்பறவைக்கு மனிதன் செய்த தீங்கோ சிறிதன்று. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மீன்வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்ததால், முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் பறவையின் எடையையே தாங்காமல் நொறுங்கியது. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களிலும் எஞ்சியவை 417 இணைகள். 1972-இல் அந்த நஞ்சுக்குத் தடை வந்தது. ஆறுகளுக்கு உயிரளித்த தூயநீர்ச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. பென்சில்வேனியாவில் 1980-இல் இருந்த கூடுகள் மூன்றே மூன்று. 1983 தொடங்கி ஏழாண்டுகளில், அம்மாநில வேட்டைவிலங்கு ஆணையம் கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து 88 குஞ்சுகளைக் கொணர்ந்து வளர்த்துப் பறக்கவிட்டது. உயர்ந்த மேடைமேல் கூண்டமைத்து, மறைவில் நின்று இரை தள்ளினர். மனித முகத்தைக் கண்டு பழகிய கழுகு காட்டுக்கு ஆகாது என்பதால் அத்துணைக் கட்டுப்பாடு. அன்று கழுகைக் காத்தவர்கள் தம்மைக் கழுகின் கண்ணுக்கே காட்டிக்கொள்ளவில்லை. இன்று அம்மாநிலத்தில் 300-க்கும் மேற்பட்ட கூடுகள் உள்ளன. 48 மாநிலங்களிலும் 71,400 இணைகள் இருப்பதாக நடுவணரசின் வனவுயிர்த் துறை 2021-இல் அறிவித்தது.

எண்ணிக்கை பெருகியதால் கவலை தீர்ந்துவிடவில்லை. வேட்டைக்காரர் சுட்ட மானின் குடலை அங்கேயே அகற்றிப் போட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டுபோகின்றனர். ஈயத்தோட்டா உடலுள் நுழைந்ததும் துகள்துகளாகச் சிதறுகிறது. அத்துகள்கள் குடற்குவியலிலும் கிடக்கின்றன. குளிர்காலத்தில் இரை தேடும் கழுகு அதனை உண்கிறது. இரைப்பை அமிலத்தில் ஈயம் கரைந்து குருதியில் கலக்கிறது. ஓர் அரிசியளவு ஈயமே ஒரு கழுகைக் கொல்லப் போதுமானது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, வெண்தலைக் கழுகுகளில் ஏறக்குறையப் பாதி நாட்பட்ட ஈயநஞ்சுக்கு ஆளாகியிருப்பதாகக் கூறுகிறது. எலும்பில் படிந்த அந்த ஈயம் எந்த நேரலையிலும் தெரிவதில்லை.

நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளுக்கு 1991-லேயே நாடெங்கும் தடை வந்துவிட்டது. கழுகுகளின் சாவும் அதற்கொரு காரணம். அத்தடை மான்வேட்டைக்கு நீளவில்லை. நடுவணரசின் வனவுயிர்ப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நீக்கும் ஆணை 2017 ஜனவரியில், ஆட்சி மாறுவதற்கு முந்தைய நாள் பிறந்தது. புதிதாக வந்த உள்துறைச் செயலர் பதவியேற்ற முதல் வேலைநாளிலேயே, அதாவது மார்ச் 2-இல், அதனை நீக்கினார். ஆறே வாரம்தான் அதற்கு ஆயுள்! ஒரு குஞ்சுக்காக ஓர் அரசுத் துறையின் முடிவையே மாற்றவைத்த மக்கட்குரல் எழவேண்டிய இடம் இதுவே. கூடுகளைக் காட்டும் அமைப்புகள் அதே திரையில் ஈயத்தைப் பற்றியும் சொல்லட்டும்.

செப்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. விலை கூடுதல் என்னும் மறுப்பையும் நாம் அறிவோம். எனினும் கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டை அனைத்திலும் ஈயத்தை விலக்கிவிட்டது. ஏனைய மாநிலங்கள் அவ்வழியே வரும்வரை, சுட்ட மானின் குடலைக் குழிதோண்டி மூடவேண்டும் என்றொரு நிபந்தனையை வேட்டை உரிமத்தில் சேர்க்கலாம். அதற்கு நிதியும் வேண்டியதில்லை, நெடிய ஆய்வும் வேண்டியதில்லை.