ஆடின கால் சும்மா இருக்கலாமா?

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சரி, ஆடி ஓய்ந்த கால் என்ன செய்ய வேண்டும்? சாய்வு நாற்காலியில் நீட்டிக்கொண்டு பழம் பெருமை பேசுவதா? அல்லது இளங்கால்களுக்கு வழி காட்டுவதா? அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் இது வெகுநாளைய கேள்வி. நேயர்களே, ஒரு குரு பரம்பரைக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963-இல் பிறந்தவர் ஹக்கீம் ஒலாஜுவான். சிறு வயதில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கால்பந்தும் கைப்பந்தும்தான். பதினைந்து வயதை ஒட்டித்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். 1980-இல் ஹூஸ்டன் பல்கலைக் கழகத்தில் படிக்க வந்து சேர்ந்தார். அந்த ஊரில் ஃபாண்டி என்று ஒரு பொது விளையாட்டுக் கூடம். கோடையில் அங்கே ஆட வருவார் மோஸஸ் மலோன். 1979-இல் என்.பி.ஏ. பந்தயங்களில் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவ்வளவு பெரியவர், கல்லூரிப் பையன்தானே என்று இரக்கம் காட்டினாரா? இல்லை, முட்டி மோதித் தள்ளினார். அந்தத் தள்ளல்தான் பாடம். பையன் வளர்ந்து 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தான்.

2002-இல் ஒலாஜுவான் ஓய்வு பெற்றார். 2009-இல் அவரைத் தேடி ஒருவர் வந்தார். யார் தெரியுமா? அதற்குள் நான்கு முறை சாம்பியனாகிவிட்ட கோபி பிரையன்ட்! 2011-இல் டல்லாஸ் குழுவிடம் இறுதிப் போட்டியில் தோற்ற லெப்ரான் ஜேம்ஸும் வந்தார். கூடைக்கு முதுகு காட்டி நின்று, தோளை ஒரு பக்கம் அசைத்துவிட்டு மறுபக்கம் திரும்பும் வித்தையைக் கேட்டுக்கொண்டு போனார். மறு வருஷமே சாம்பியன்! முழுப் புகழும் குருவுக்கே என்று நான் சொல்லவில்லை. ஆனால் குருவுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

"நன்றாக ஆடினவரெல்லாம் நன்றாகக் கற்றுக் கொடுத்துவிடுவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐந்து முறை சாம்பியனான மாஜிக் ஜான்ஸன் 1994-இல் லேக்கர்ஸ் குழுவின் பயிற்சியாளராக உட்கார்ந்தார். பதினாறு ஆட்டங்கள், ஐந்தில் வெற்றி, பதினொன்றில் தோல்வி. போதுமப்பா என்று எழுந்துவிட்டார். மீனிடம் போய் நீந்துவது எப்படி என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

அதனால்தான் சொல்கிறேன்: பெரிய ஆட்டக்காரர் என்பதற்காக ஒரு குழு முழுவதையும் அவர் தலையில் கட்ட வேண்டாம். அவருக்கே உரிய அந்த ஒரு வித்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

வாங்காமல் விட்டால் என்ன நஷ்டம்? கரீம் அப்துல்-ஜப்பாரைப் பாருங்கள். ஏழடி இரண்டங்குல மனிதர். பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையை வானத்துக்கு நீட்டி, உச்சியிலிருந்து பந்தை விடுவார். 'ஸ்கை ஹூக்' என்று அதற்குப் பெயர். தடுக்க முயன்றவர்கள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தார்கள். 1989-இல் ஓய்வு பெறும்போது அவர் எடுத்திருந்த புள்ளிகள் 38,387. அந்தச் சாதனையை 2023-இல் லெப்ரான் ஜேம்ஸ் முறியடித்துவிட்டார். ஆனால் அந்த வீச்சுக்கு வாரிசு? இன்றுவரை இல்லை. எந்த என்.பி.ஏ. குழுவும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைக்கவில்லை. 2005-இல் லேக்கர்ஸ் குழு, ஆண்ட்ரூ பைனம் என்ற இளைஞருக்குப் பாடம் சொல்ல அவரை அமர்த்தியது. பைனம் தேறினார், சாம்பியன் குழுவிலும் ஆடினார். இருந்தாலும் அந்த வீச்சு மட்டும் அவரிடம் ஒட்டவில்லை.

"பழைய படங்களைப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே!" என்பீர்கள். படத்தில் கால் போவது தெரியும். எதிராளியின் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதுகால் உணர்ந்து அந்தக் கால் போயிற்றே, அது தெரியுமா? அதற்கு ஆள் எதிரே நிற்க வேண்டும். முட்டித் தள்ளவும் வேண்டும்.

ஆகவே ஓய்ந்த பெரியவர்கள் கற்றுக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேடிப் போக வேண்டியவர்கள் இளையவர்கள். நான்கு பட்டம் வென்றவருக்கே கேட்பதில் வெட்கம் இருக்கவில்லை. நேற்றுப் பந்தைத் தொட்டவருக்கு மட்டும் எதற்கு ஐயா வெட்கம்?