காட்டுப்பள்ளி: ஒரு கிளிக்கில் ஓட்டு போடலாம்... பதில் சொல்வது யார்?

'காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கலாமா? ஆம் / இல்லை.' நாளைக்கே இப்படி ஒரு கேள்வி உங்கள் செல்போனில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர் 'இல்லை' என்று தட்டுகிறார். மும்பையில் பங்குச்சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் 'ஆம்' என்று தட்டுகிறார். காட்டுப்பள்ளியை அடுத்த காளாஞ்சியில், விடியற்காலையில் கரையேறிய மீனவர் ஒருவரும் தட்டுகிறார். மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கணக்கு சரிதான். நியாயம் சரியா?

அரசின் திட்டங்களையும் சட்டங்களையும் மக்களே ஆன்லைனில் விவாதித்து ஓட்டுப் போடும் தளங்கள் உலகம் முழுக்க வந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டிலும் 2014 ஜூலையில் மத்திய அரசு 'மைகவ்' தளத்தைத் தொடங்கியது. கருத்துச் சொல்லலாம், கருத்துக்கணிப்பில் பங்கேற்கலாம். ஆனால், அங்கே பதிவாகும் ஓட்டுக்கு அரசு கட்டுப்பட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்படிப்பட்ட தளங்களால் உண்மையில் என்ன பயன் என்பதை உரசிப் பார்க்க, காட்டுப்பள்ளியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

என்ன பிரச்னை?

திருவள்ளூர் மாவட்டத்தில், ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி என்று இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. இங்கே 2013-ல் எல் அண்டு டி நிறுவனத்தின் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

அதன்பிறகு வந்ததுதான் விரிவாக்கத் திட்டம். சுமார் 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்து எடுப்பது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னாக இருக்கும் சரக்குத் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்துவது இலக்கு. வேலையும் வளர்ச்சியும் வரும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். கரை அரிக்கும், கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரம் கெடும், மீன்பாடு போய்விடும் என்பது மீனவ கிராமங்களின் பயம்.

கருத்துக்கேட்பு என்றால் என்ன?

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இதுபோன்ற திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். திட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும். பேசுவதை வீடியோ எடுக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால், அந்தக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடையாது. வந்தவர்கள் அத்தனை பேரும் 'வேண்டாம்' என்று சொன்னாலும், முடிவு டெல்லியில்தான்.

காட்டுப்பள்ளிக்கு 2021 ஜனவரி 22-ம் தேதி இந்தக் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடியும் அறிவித்தார்கள். அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டத்துக்குப் போக ஒருநாள் தொழிலை விட வேண்டும். போலீஸும் அதிகாரிகளும் நிற்கும் பந்தலில் மைக் பிடித்துப் பேசப் பலருக்கும் தயக்கம் இருக்கும். அப்படியானால், எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றிவிட்டால் பிரச்னை தீருமா?

ஒரே நாடு, இரண்டு அனுபவங்கள்

இந்தியாவில் ஏற்கெனவே நடந்த இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 2015. இணையத்தில் எல்லாத் தளங்களும் சமமா, காசு கொடுத்தவருக்கு மட்டும் தனிப்பாதையா என்ற கேள்வி வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. டிராய் அவற்றை வெளியிட்டது. அடுத்தகட்ட ஆலோசனையும் முடிந்து, 2016 பிப்ரவரியில் ஒரே டேட்டாவுக்குத் தளத்தைப் பொறுத்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி போட்டது. ஏன் அந்த முடிவு என்ற விளக்கத்தையும் விதியோடு சேர்த்தே எழுதியது.

இரண்டாவது, 2020. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளையே மாற்றும் புதிய வரைவை மத்திய அரசு வெளியிட்டது. கருத்துக்கேட்புக்கு மக்களுக்குத் தரப்படும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பதும் அதில் ஒன்று. வரைவு வந்ததோ ஆங்கிலத்திலும் இந்தியிலும். மற்ற மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் போயின. அந்த வரைவு இறுதியாகவில்லை. ஆனால், பழைய 2006 அறிவிக்கையிலேயே ஒவ்வொன்றாகத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன.

இரண்டு முறையும் மக்கள் செய்தது ஒன்றுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மெயில் அனுப்பினார்கள். முதல் முறை, வந்த கருத்துகள் என்ன ஆயின என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆவணம் இருந்தது. இரண்டாவது முறை, மக்கள் படிக்கும் மொழியில் வரைவைப் பெறுவதற்கே கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் எப்படி?

ஸ்பெயினின் மாட்ரிட் மாநகராட்சி 2015-ல் 'டிசைட் மாட்ரிட்' தளத்தைத் தொடங்கியது. 16 வயது நிரம்பிய நகரவாசிகள் யோசனை சொல்லலாம். அந்த மக்கள்தொகையில் 1 சதவிகிதம் பேர் ஆதரித்தால் ஓட்டெடுப்பு. 2017 பிப்ரவரியில் அப்படி இரண்டு யோசனைகள் ஓட்டுக்கு வந்தன. கவனியுங்கள், ஓட்டு அந்த நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

தைவானில் 'விதைவான்' என்ற முயற்சி வேறு மாதிரி. 2015-ல் உபர் டாக்ஸி பிரச்னையை அதில் விவாதித்தார்கள். ஒருவர் சொன்ன கருத்துக்கு 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்று தட்டலாம். பதில் எழுதிச் சண்டை போட வழியே கிடையாது. எதிரெதிர் அணிகள் இரண்டுமே ஒப்புக்கொள்ளும் விஷயம் எது என்று தேடுவதுதான் அங்கே நோக்கம்.

பழவேற்காட்டின் பழைய வழி

இதற்கெல்லாம் முன்பே பழவேற்காட்டில் ஒரு முறை இருக்கிறது. பெயர், 'பாடு'. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர்க்கூட்டமே முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை மாறி மாறி வரும். தொழிலில் இருப்பவர்களே பேசி, தொழிலில் இருப்பவர்களே கட்டுப்படுகிறார்கள்.

ஆனால், அதிலும் குறை உண்டு. பாட்டு உரிமை மரபான மீனவக் குடும்பத்து ஆண்களுக்குத்தான். மீன் விற்கும் பெண்களுக்கு அதில் இடமில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாத இவர்களுக்கு, செல்போனில் தமிழில் பேசிப் பதிவு செய்யும் ஒரு வசதி கிடைத்தால் அது பெரிய விஷயம். ஆன்லைன் தளத்தால் உண்மையான லாபம் இங்கேதான்.

லிங்க் வந்தால் என்ன பார்க்கலாம்?

'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று ஒரு லிங்க் வந்தால் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

விவரம் முழுக்க, பாதிக்கப்படும் மக்களின் மொழியில் இருக்கிறதா?

அந்த ஊர்க்காரர்களின் குரல் தனியாக எண்ணப்படுகிறதா, ஊரெல்லாம் போடும் ஓட்டில் கரைந்துபோகிறதா?

வந்த கருத்துகளை எல்லோரும் பார்க்க முடியுமா?

ஏற்காத கருத்தை ஏன் ஏற்கவில்லை என்று அரசு எழுத்தில் பதில் சொல்லுமா?

நான்காவதுதான் முக்கியம். சட்ட வரைவுகளை 30 நாள்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2014 பிப்ரவரியிலேயே மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கையாகத்தான் இருக்கிறது, சட்டமாக இல்லை. பதில் சொல்லும் கடமையைச் சட்டத்தில் எழுதாமல், ஓட்டுப் போடும் பட்டனை மட்டும் திரையில் வைத்தால், அது புகார்ப் பெட்டிக்குப் புது பெயின்ட் அடித்ததுபோலத்தான்.

காட்டுப்பள்ளி மீனவர்கள் பேசாமல் இல்லை. போராட்டத்தில் பேசினார்கள், மனுவில் எழுதினார்கள். பேச இன்னொரு இடம் கிடைப்பது நல்லதுதான். பேசியதற்குப் பதில் கிடைப்பது அதைவிட நல்லது.